வாளிக் கைபிடிச் சத்தம்

திருகோணமலை உவர்மலையில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். வீட்டில் 4 வயதுப் பொமேரியன், கடுவன், பெயர் ஜிம்மி. குளிக்க வார்க்க வெளிக்கிட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடும், காலைப் பிடித்து இழுத்துத்தான் எடுக்க வேண்டும். பச்சை வாளியைக் கண்டு ஓடுகிறது என்று சிவப்பு வாளி வாங்கிப் பார்த்தார்களாம், அதற்கும் ஓடுகிறது. சீப்பைக் கண்டால் பல்லைக் காட்டும். போன மாதம் வெக்கைக்கு நல்லது என்று, வீட்டுக்கு வந்து முடி வெட்டும் ஒருவரைக் கூப்பிட்டு மொட்டை அடித்தார்கள். "ஒரு சத்தமில்லை அண்ணா, சிலை மாதிரி நிண்டது" என்கிறார் தங்கச்சி. அன்றிரவே அக்காவின் கையில் கடித்துவிட்டது. அப்பாவோ, "தெருவில திரியிற நாயளுக்கு ஆர் தலை இழுத்து விடுகினம்? அதுகள் நல்லாத்தானே இருக்குதுகள்" என்று முடித்துவிட்டார். தங்கச்சியின் கேள்வி மூன்று: ஜிம்மி நடிக்கிறதா, உண்மையில் பயமா? இந்த வேலையெல்லாம் அதற்குத் தேவையா? குளித்த கையோடு முற்றத்து மண்ணில் போய்ப் புரள்வது எங்களைப் பழிவாங்கவா?

நான் மிருக வைத்தியர் இல்லை. ஒரு மிருக வைத்தியரிடம் 6 வருடம் உதவிக்கு நின்றேன். அதற்குப் பிறகு நிலாவெளியில் இருந்து சீனக்குடா வரைக்கும் வீடு வீடாகப் போய் நாய்களுக்கு முடி வாரி, நகம் வெட்டி, குளிக்க வார்ப்பதுதான் வேலை. கையில் இருக்கிற கடித் தழும்புகளை எண்ணிச் சொல்லுவேன். அதில் பாதிக்கு மேல் என் பிழை.

அப்பாவில் தொடங்குகிறேன், அவர் சொன்னதில் பாதி சரி. ஊர் நாய்க்கு முடி கட்டை. உதிர வேண்டியது தானாக உதிரும். மணலில் புரண்டு, நக்கி, முன்பற்களால் நறுக் நறுக்கென்று கடித்துத் தன்னைத் தானே துப்புரவாக்கிக்கொள்ளும். தார் ரோட்டில் ஓடி ஓடி நகமும் தேயும். பொமேரியன் கதை வேறு. பால்டிக் கடற்கரையில் பொமரேனியா என்றொரு பகுதி இருக்கிறது, இன்று அதில் பெரும்பகுதி போலந்தில், மிச்சம் ஜேர்மனியில். பெயர் அங்கிருந்து வந்தது. குளிருக்கு ஏற்ற இரட்டை முடி: உள்ளே பஞ்சு மாதிரி அடர்த்தியான உள்முடி, வெளியே நீளமான முரட்டு முடி. முன்னோர் இதைவிடப் பெரிய நாய்கள். 1888 இல் விக்டோரியா மகாராணி புளோரன்சில் இருந்து ஒரு சின்னப் பொமேரியனைக் கொண்டுவந்த பிறகுதான் மடியில் வைக்கிற அளவு பிரபலமானது. ஆக, அந்த முடியை அந்த அளவில் அந்த உடம்பில் வளர்த்தெடுத்தது மனிதர். அதை வாருகிற வேலையும் மனிதர் தலையில்தான் வரும். ஜிம்மியின் நாக்கு அவ்வளவு தூரம் எட்டாது.

மற்றப் பாதியை அப்பாவோடு சேர்ந்து பஸ் நிலையத்தடியில் போய்ப் பாருங்கள், தூரத்தில் நின்று. காதுக்குள் ஆமணக்கங்கொட்டை மாதிரி உண்ணி தொங்காத நாய் எத்தனை என்று எண்ணுங்கள். அதுகள் உயிரோடு இருக்கின்றன, அவ்வளவுதான்.

சரி, நடிப்பா? நாய் நடிக்கும். சாப்பாட்டுக்கு நடிக்கும், நல்ல கதிரையில் இடம்பிடிக்க நடிக்கும். கட்டிலுக்குக் கீழே சுவரோடு ஒட்டி, வாலைத் தொடைக்குள் சொருகிக்கொண்டு நடுங்குவது அந்த வகை இல்லை.

வாளியை எடுத்துக்கொள்வோம். நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரியும், பச்சையும் சிவப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நீங்கள் வாளி மாற்றியது ஜிம்மிக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் இரண்டு வாளியிலும் கம்பிக் கைபிடி இருக்கிறது. வாளியைத் தரையில் வைக்கும்போது அது 'டிங்' என்று விளிம்பில் விழும். அந்த ஒரு சத்தம் காணும். ரஷ்யாவின் பாவ்லோவ் தன் நாய்களில் காட்டியது இதைத்தான்: சாப்பாட்டுக்கு முன்னால் எப்போதும் வருகிற ஒரு சத்தம், பிறகு சாப்பாடே இல்லாமல் எச்சிலை வரவைக்கும். அங்கே எச்சில், உங்கள் வீட்டில் நடுக்கம். அலஸ்தோட்டத்தில் ஒரு வீட்டில் லெப்ரடோர் ஒன்று, வாளிக்கு முன்னாலேயே ஓடிவிடும். ஐயாவுக்கு விளங்கவில்லை, "இதுக்கு ஞானக்கண் இருக்குது தம்பி" என்பார். இரண்டு கிழமை பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்: நாயைக் குளிக்க வார்க்கிற நாளில் மட்டும் ஐயா ஒரு பழைய நீலச் சாரம் கட்டுவார்.

இனிக் குளியலறைக்குள் ஜிம்மியின் உயரத்தில் இருந்து பாருங்கள். தரை டைல்ஸ், ஈரம். நாய் நகத்தை ஊன்றித்தான் நிற்கும், டைல்ஸில் நகம் ஊன்றாது. நான்கு கால்களும் நான்கு பக்கம் வழுக்கும்போது, தண்ணீர் படுவதற்கு முன்னாலேயே பயம் வந்துவிடுகிறது. கதவைச் சாத்துகிறீர்கள், ஒவ்வொரு சத்தமும் சுவரில் பட்டுத் திரும்புகிறது. எங்கள் காது ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாயினது 45,000 வரை போகும். முடி வெட்டும் மெஷினிலும் ஹெயார் டிரையரிலும் எங்களுக்குக் கேட்காத கிரீச்சிடல் இருந்தால் அது அதற்குக் கேட்கிறது. ஒருவர் மேலே இருந்து குனிந்து கழுத்துப்பட்டியைப் பிடிக்கிறார். நாய்களின் பாஷையில் மேலே கவிழ்வது நல்ல சேதி இல்லை. பிறகு 'லவெண்டர்' என்று போத்தலில் எழுதியிருக்கும் ஷம்பூ. மனித மூக்கில் மணம் பிடிக்கும் கலங்கள் சுமார் 50, 60 இலட்சம், நாயில் 20 கோடிக்கு மேல். உங்களுக்கு மெல்லிய வாசம், அதற்கு முகத்தில் சாக்குப் போட்டு மூடின மாதிரி. உங்களுக்கு இதற்குப் பெயர் குளிப்பு. ஜிம்மிக்கு இது பிடிபடுவது.

தண்ணீரும் தொடுகையும் நாய்க்கு விரோதம் என்று நினைக்க வேண்டாம். குட்டி பிறந்து கண் திறக்க முதல் அதற்குக் கிடைக்கிற முதல் அனுபவமே தாய் நக்கித் துடைத்து விடுவதுதான். முதல் இரண்டு மூன்று கிழமை, தாய் வயிற்றடியில் நக்கிவிடாமல் குட்டியால் சிறுநீர்கூடக் கழிக்க முடியாது. முடி ஒவ்வொன்றின் வேரிலும் நரம்பு நுனி இருக்கிறது, ஆறுதலாகத் தடவினால் உடம்பு தளர்வது அதனால்தான். எலிகளில் செய்து 2024 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிடரியில் ஒரு துளி எண்ணெய் விழுந்தால் உடம்பை உதற வைப்பது எந்த நரம்பு என்று தேடினார்கள். மெல்லிய தொடுகையை உணர்கிற ஒரு வகை நரம்புதான் என்று வந்தது. அதே தோல் ஒரு கையை இதமாக எடுத்துக்கொள்ளும், இன்னொன்றை உதறித் தள்ளும். எந்த இடம், என்ன வேகம், முன்னால் என்ன நடந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெஞ்சு, தோள், வாலின் அடி, இவற்றில் பெரும்பாலான நாய்கள் விட்டுக்கொடுக்கும். பாதம், காது, வால் நுனி, தொடை இடுக்கு, மூக்கைச் சுற்றி மீசை முடி முளைத்த இடம், இவை வேறு கணக்கு. மீசை முடி தோலில் ஆழமாக வேர்விட்டது, அதைச் சுற்றி நரம்பு அடர்த்தி. முகத்துக்குக் கிட்ட என்ன இருக்கிறது என்று நாய் அந்த முடியால்தான் தட்டிப் பார்க்கும். வடிவுக்காக அதைச் சிரைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வெட்டுவதில்லை.

இப்போது 'சிலை மாதிரி நிண்டது' என்ற வரிக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்படுத்தியது கட்டிலடி இல்லை, இதுதான்.

1967 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மையர் என்ற இருவர் நாய்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். இன்று கேட்டால் வயிறு எரியும். சில நாய்களுக்குத் தப்பிக்கவே வழியில்லாமல் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு அவற்றைத் தாழ்ந்த தடுப்பு ஒன்று இருக்கிற பெட்டியில் விட்டார்கள். தாண்டினால் அதிர்ச்சி இல்லை. முன்பு அடிபடாத நாய்கள் கெதியாகத் தாண்டப் பழகிவிட்டன. முதலில் தப்ப முடியாமல் இருந்தவற்றில் பெரும்பாலானவை தாண்டவில்லை. படுத்துக்கொண்டு அனுங்கின. எது செய்தாலும் பயனில்லை என்று ஒரு நாய் படித்துவிட்டால் அது எதுவும் செய்யாது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு 'நல்ல பிள்ளை'.

ஜிம்மியை அன்று யாரும் அடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டார்கள், மெஷின் ஓடியது, ஒரு மணித்தியாலம் போனது. அது உறைந்து நின்றது. உறைவதும் பயத்தின் ஒரு முகம்தான், ஓடுவதும் கடிப்பதும் போல. பயம் உடம்பில் ஒரே நாளில் வடிந்துபோவதில்லை. முதலில் வெளி ஆள், பிறகு மெஷின், பிறகு கால் பிடித்தது, பிறகு முடி இல்லாத தோலில் மின்விசிறிக் காற்று. ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து, இரவு அக்கா அன்பாகக் கையை நீட்டியபோது அது கடைசித் துரும்பு. அக்காவில் கோபமில்லை.

(கடி பட்டால் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போவது. வீட்டு நாய்தானே என்று விடக்கூடாது. ஜிம்மியின் விசர்நாய்த் தடுப்பூசி எப்போது போட்டது என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.)

"சொல்லாமக் கொள்ளாமக் கடிச்சிட்டுது" என்று சனம் சொல்லும். சொல்லித்தான் கடிக்கிறது. முதலில் முகத்தைத் திருப்பும். நித்திரை வராத நேரத்தில் கொட்டாவி விடும். சாப்பாடே இல்லாமல் நாக்கை நீட்டித் தன் மூக்கை ஒரு தடவை நக்கும். ஒரு முன்காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கண்ணின் வெள்ளை பிறை மாதிரித் தெரியும். மிகவும் விருப்பமான இறைச்சித் துண்டை நீட்டினால்கூட எடுக்காது, எனக்கு நம்பிக்கையான அடையாளம் இதுதான். இவ்வளவுக்கும் நீங்கள் நிறுத்தவில்லை என்றால் உறுமும். உறுமினதற்கு ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த தடவை உறுமாது. அந்தப் படியைத் தாண்டி நேரே பல்லுக்குப் போகும். உறுமலைத் தண்டிக்கிறவர், மணியைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டுகிறார். ஜிம்மி சீப்புக்குப் பல்லைக் காட்டுவது எனக்கு நல்ல சேதியாகத்தான் படுகிறது, இன்னும் கதைக்கிறது.

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். திருக்கடலூரில் எங்கள் வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டை நாய் இருந்தது, நகமும் கறுப்பு. வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் இளஞ்சிவப்புச் சதை வெளியே தெரியும், அங்கே இரத்தமும் நரம்பும் இருக்கிறது. கறுப்பில் தெரியாது. வேலை பழகின புதிதில், அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எடுப்பில் ஒரேயடியாக வெட்டினேன். கத்தினது ஒரு சத்தம்தான். விறாந்தையின் வெள்ளை டைல்ஸில் படலை வரைக்கும் சிவப்புப் பொட்டு. சோளமா அமத்தி இரத்தத்தை நிறுத்தினோம். அதற்குப் பிறகு நான் என் நகத்தை வெட்டினாலே, அந்த 'டிக்' கேட்டவுடன், அது எழும்பிப் படலைக்கு வெளியே போய் உட்காரும். மழை பெய்தாலும் போகும். நான் நகவெட்டியை மேசையில் வைத்த சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே வரும். அதைத் திருத்த எனக்கு இரண்டு வருடம் போனது. பிழை விட்டது ஒரு விநாடி.

இது ஏன் முக்கியம் என்கிற கேள்விக்கு, வடிவும் வாசமும் கடைசிக் காரணங்கள். ஜிம்மியின் காதின் பின்புறம், கமக்கட்டு, தொடை இடுக்கு மூன்றையும் தடவிப் பாருங்கள். அங்கேதான் முதலில் சடை பிடிக்கும். உங்கள் கூந்தலில் ஒரு கொத்தை இறுக்கி ரப்பர் போட்டு நாள் முழுக்க விட்டால் எப்படி இருக்கும்? சடை பிடித்த நாய்க்கு ஒவ்வொரு எட்டும் அப்படி. சீப்பைக் கண்டு பல்லைக் காட்டுவதற்குக் காரணம் சிலவேளை பயமே இல்லை, நேரான வலி. சடைக்குக் கீழே காற்றுப் போகாது. எங்கள் ஊரில் ஐப்பசி தொடங்கி வாடை மழை காலம் முழுக்க அந்த இடம் காயாது. ஈரம் நின்ற தோல் ஓர் இரவில் சிவந்து நீர் வடியத் தொடங்கும், நாய் நக்கும், இன்னும் பெருக்கும். அதில் இலையான் முட்டையிட்டால் புழு. புழு வைத்த புண்ணை முடிக்குக் கீழே இருந்து நான் எடுத்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர் அன்பில்லாதவர்கள் இல்லை, அந்த நாய் யாரையும் தொடவிடாது, அதுதான் விஷயம்.

உண்ணியும் அப்படி. நாய் உண்ணி காட்டில் மட்டும் இருப்பதில்லை. ஒரு பெட்டை உண்ணி இரத்தம் குடித்து நிறைந்து விழுந்து, சுவர் வெடிப்புக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். அது கொண்டுவருகிற கிருமி நாய்க்கு உண்ணிக் காய்ச்சலைக் கொடுக்கும்: சோர்வு, சாப்பிடாமை, பல் முரசு வெளிறுவது, சிலவேளை மூக்கால் இரத்தம். இரத்தப் பரிசோதனைக்குக் கெதியாகக் கொண்டுபோனால் மருந்து இருக்கிறது. தினமும் 5 நிமிடம் விரல் நுனியால் உடம்பு முழுக்கத் தடவ விடுகிற நாயில் உண்ணி அன்றைக்கே பிடிபடும். கட்டியும் அப்படித்தான். பெட்டை நாய்களின் முலையில் வருகிற கட்டியை பயறு அளவில் பிடிப்பதும், எலுமிச்சம்பழ அளவில் பிடிப்பதும் ஒன்றல்ல. பல், காது, நகம், எல்லாவற்றுக்கும் முதல் வைத்தியர் வீட்டுக்காரரின் கைதான். அந்தக் கையைக் கண்டு நாய் ஓடினால் நோய் ஒளித்துக்கொள்ளும்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசாதீர்கள். தோலைச் சுடும், நக்கினால் வயிற்றுக்குள் போகும். சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். மருந்து மிருக வைத்தியர் சொன்ன அளவில்தான். மாட்டுக்கு அடிக்கிற மருந்தைக் கணக்கில்லாமல் கரைத்து ஊற்றி நாய் மயங்கி விழுந்ததையும் கண்டிருக்கிறேன்.

இனி ஜிம்மியை என்ன செய்வது? முதலில் ஒரு மாதம் குளிக்க வார்க்காதீர்கள். ஊத்தை ஒரு மாதத்தில் ஆளைக் கொல்லாது. சடை இருந்தால் மட்டும் மிருக வைத்தியரிடம் காட்டி எடுத்துவிடுங்கள், மிகவும் மோசமென்றால் மயக்க மருந்தோடு. வீட்டில் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டாம், சடைக்குள் தோலும் சுருண்டு மேலே வந்திருக்கும். தோலை வெட்டிக்கொண்டு ஓட்டோவில் ஓடுகிறவர்களை வருடத்துக்கு நாலைந்து பேர் காண்கிறேன்.

வாளியை எடுத்து விறாந்தையில் சும்மா வையுங்கள். கைபிடிக்குத் துணி சுற்றிவிடுங்கள். அதற்குள், அல்லது அதற்குக் கிட்ட, உப்புப் போடாமல் அவித்த சூரைமீன் துண்டு ஒன்று. ஜிம்மி வந்தால் சாப்பிடட்டும், வராவிட்டால் விடுங்கள், கூப்பிடவும் வேண்டாம். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ வாளியடியில் வந்து உட்காரும். அதற்குப் பிறகு துணியைக் கழற்றி, மெல்ல ஒரு 'டிங்', உடனே மீன். ஒழுங்கு முக்கியம்: முதலில் சத்தம், பிறகு மீன். மாறிச் செய்தால் மீனே பயத்தின் அடையாளமாகிவிடும், மீனைக் கண்டு ஓடும் நாயும் உண்டு. கட்டிலுக்குக் கீழே இருந்து இனி ஒருபோதும் இழுக்காதீர்கள், அது அதன் கடைசிக் கோட்டை.

சீப்புக்கும் அதே பாடம். முதல் நாள் சீப்பு தரையில், மீன். பிறகு சீப்பின் முதுகுப்பக்கம் தோளில் ஒரு தடவை பட்டால், மீன். பல்லுப் பக்கம் ஒரு இழுவை, மீன், முடிந்தது. ஒரு நாளைக்கு 2 நிமிடம் காணும். உங்கள் மடியில் ஒரு மடித்த துவாயை வைத்து, அதில் தாடையை வைத்தால் மீன் என்று பழக்கிவிடுங்கள். தாடை அங்கே இருக்கும் வரைக்கும் வாருங்கள், எடுத்த அந்த நொடி கையை எடுங்கள். மிருகக்காட்சிசாலைகளில் பெரிய மிருகங்களைக் கட்டாமல் ஊசி போடப் பழக்குவதும் இந்த வழியில்தான். நிறுத்துகிற அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்று நாய்க்குத் தெரிந்தால் அது குறைவாகத்தான் நிறுத்தும். முதலில் இதை நானே நம்பவில்லை. மனையாவெளியில் ஒரு அல்சேஷன், இரண்டு பேர் பிடித்தாலும் நகம் வெட்ட விடாதது, எட்டாம் கிழமை துவாயில் தாடையை வைத்துக்கொண்டு தானே காலை நீட்டியது. ஒரு நாளைக்கு ஒரு நகம்தான் வெட்டினோம். கறுப்பு நகமென்றால் அரிசி அளவு அரிசி அளவாகச் சீவுங்கள், வெட்டு முகத்தின் நடுவில் கருமையான ஒரு பொட்டுத் தெரியத் தொடங்கினால் நிறுத்துங்கள். ஜிம்மி டைல்ஸிலும் மணலிலும் நடப்பதால் அதன் நகம் தேயாது, அதுவும் முன்காலின் உட்பக்கத்தில் தரையில் படாத அந்த மேல்நகம் வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும். முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்த வீட்டில் குட்டி வாங்கியிருக்கிறார்கள் என்றால் இதை அவர்களுக்கும் சொல்லுங்கள். 3 முதல் 14 கிழமை வரையான காலத்தில் பாதம், காது, வாய் தொட்டுப் பழகின குட்டிக்கு மேலே நான் எழுதினது பாதி தேவைப்படாது.

குளிக்க வார்க்கிற நாள் வந்ததும், வாரின பிறகுதான் தண்ணீர். பலர் மாறிச் செய்கிறார்கள். நனைந்தால் சடை கயிறு மாதிரி இறுகும். தரையில் ஒரு நனைத்த சாக்கை விரியுங்கள். இவ்வளவு நேரம் படித்ததில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள், கால் ஊன்றினாலே பாதிப் பயம் போய்விடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கறுப்புத் தாங்கித் தண்ணீரும் வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பும் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போட்டி. முதல் தண்ணீரைப் பூமரத்துக்குக்கூட விடாமல் ஊற்றிவிட்டு, உங்கள் முழங்கை உட்பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். உவர்மலைப் பக்கம் தண்ணீர் பரவாயில்லை, உப்புவெளிப் பக்கத்துச் சில கிணறுகளில் சவர், ஷம்பூ நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள், பிறகு அது போகாது. மிச்சம் நின்ற ஷம்பூ சொறிய வைக்கும். நாய்த் தோலின் மேற்படை எங்களுடையதைவிட மெல்லியது, காரத்தன்மையிலும் வேறு, ஆகவே மனித ஷம்பூவும் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரமும் வேண்டாம், கிருமிநாசினியும் வேண்டாம். பின்காலில் தொடங்கி முன்னே வாருங்கள், தலைக்கு ஊற்றாமல் நனைத்த துணியால் துடையுங்கள். காதுக்குழாய் உள்ளே 'ட' மாதிரி மடிந்தது, போன தண்ணீர் லேசில் வராது. மாதத்துக்கு ஒரு குளிப்புக் காணும். வாருவது ஒவ்வொரு நாளும்.

வாயைக் கயிற்றால் கட்டிவிட்டுக் குளிக்க வார்க்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. நாய்க்கு வியர்ப்பது பாதத்தின் அடியில் கொஞ்சம்தான், சூட்டை வெளியே விடுவது வாயால் இரைத்துத்தான். வாயைக் கட்டினால் அடைத்துவிட்டீர்கள். காய வைக்கிறேன் என்று வெயிலில் கட்டிவிடுவதும் இதே கதை. கடிக்கும் என்று பயமென்றால் உள்ளே வாய் திறக்கக்கூடிய கூடை மாதிரி முகமூடி வாங்கி, அதையும் மீனோடு பழக்குங்கள்.

மொட்டை அடித்தது நடந்து முடிந்த கதை. "வெக்கைக்கு நல்லதெண்டு வெட்டினனாங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரட்டை முடி வெயிலையும் தடுக்கிற முடி. ஒட்ட வெட்டினால் தோலில் வெயில் நேரே படும், பொமேரியன் மாதிரி இனங்களில் சிலவேளை முடி திரும்பிச் சீராக முளைப்பதும் இல்லை. முளைக்கும் வரைக்கும் பத்து மணிக்குப் பிறகு வெளியே விடாதீர்கள். அடுத்த தடவை உள்முடியை வாரி எடுத்தாலே காற்று உள்ளே போகும்.

கடைசியாக மண்ணில் புரள்வது. பழி என்றொரு கணக்கு நாயிடம் கிடையாது. நனைந்த நாய் விநாடிக்கு 4, 5 தடவை உடம்பை முறுக்கி உதறி, முடியில் நின்ற நீரில் பெரும்பங்கைச் சில விநாடிக்குள் எறிந்துவிடும். மிச்சத்துக்குத் துவாய் தேடும், துவாய் இல்லை, மண் இருக்கிறது. அதோடு நீங்கள் லவெண்டரால் அழித்த தன் மணமும் அதற்குத் திரும்ப வேண்டும். ஆகவே மணமில்லாத ஷம்பூ வாங்குங்கள். குளியலறை வாசலிலேயே உதற விடுங்கள், நனைந்தால் நனையட்டும். விறாந்தையில் ஒரு பழைய, தோய்க்காத போர்வையைப் போட்டு வையுங்கள், ஜிம்மி படுக்கிற அதே போர்வை, அதன் மணம் உள்ளது. அதில் புரளட்டும். பாயும், சுழலும், கதிரைக்குக் கீழே நுழைந்து மறுபக்கம் வரும், நீங்கள் பிடிக்கப் போக வேண்டாம். படலையை மட்டும் முன்கூட்டியே சாத்திவிடுங்கள்.